வாத்தியாரின் மேல்வரிசை

லீக்டன்ஸ்டைன் என்று ஒரு நாடு ஐரோப்பாவில் இருக்கிறது. ஒரு முனையில் பஸ் ஏறிக் கண்ணயர்ந்தால், குட்டித் தூக்கம் கலைவதற்குள் மறுமுனை வந்துவிடும். அங்கே தொழில் படிப்பவர்கள் வாரத்தில் பெரும்பாலான நாட்கள் பட்டறையில் வேலை பழகுவார்கள். பாடம் படிக்க ரைன் ஆற்றைத் தாண்டிப் பக்கத்து நாட்டுப் பள்ளிக்குப் போவார்கள். ஒவ்வொரு தொழிலுக்கும் பள்ளி கட்டினால் உட்காரப் பிள்ளைகள் வேண்டுமே.

அந்த நாட்டில் ரெகுலா என்பவள் பல்செட் செய்யும் பட்டறை வைத்திருந்தாள். அவளிடம் தொழில் பழக வந்தவள் யோலாந்தா. குருவுக்கு முப்பத்திரண்டு வயது, சிஷ்யைக்கு நாற்பது. இதில் அந்த இருவருக்கும் ஒரு சங்கடமும் இல்லை. ஊர்தான் கொஞ்ச நாள் பேசிவிட்டு ஓய்ந்தது.

பல் மருத்துவரிடமிருந்து பட்டறைக்குப் பெட்டி வரும். உள்ளே தாடையின் பிளாஸ்டர் அச்சு இருக்கும். மேலே பெயர் இருக்காது, எண் மட்டும்தான். யாருடைய வாய் என்று கேட்கக் கூடாது என்பது ரெகுலாவின் சட்டம்.

ஒரு நாள் காலையில் ரெகுலா ஒரு பெட்டியை யோலாந்தாவிடம் நீட்டினாள்.

"இது முழுக்க உங்க வேலை. நான் தொட மாட்டேன். சரியா வந்தா இந்த வருஷமே கடைசிப் பரீட்சைக்கு அனுப்பறேன்."

"வரலைன்னா?"

"இன்னொரு வருஷம்."

இன்னொரு வருஷம் தாங்க யோலாந்தாவிடம் தெம்பு இல்லை. இதற்கு முன் தையல் படிக்கப் போனாள், பாதியில் நின்றது. நர்ஸ் வேலைக்குப் படித்தாள், அதுவும் பாதியில் நின்றது. நடுவில் சூப்பர்மார்க்கெட் கல்லாவில் உட்கார்ந்தே பாதி ஆயுள் போய்விட்டது.

பெட்டியைத் திறந்தாள். மேல்தாடையில் ஒரு பல்கூட மிச்சமில்லை. கீழ்வரிசை முழுசாக இருந்தது. அதில் ஒரு முன்பல்லின் மூலை உடைந்து, பக்கத்துப் பல் அதன்மேல் சாய்ந்திருந்தது. யோலாந்தா அச்சை மேசைமேல் வைத்துவிட்டுக் கையை எடுத்துக்கொண்டாள்.

"இந்த வாயை எனக்குத் தெரியும்."

"தெரியக் கூடாது."

"முதல் பெஞ்சுல உட்கார்ந்து தினமும் பார்த்த பல்லு, ரெகுலா. காஸ்னர் வாத்தியார்."

அந்த நாட்டில் பதினோரு பன்னிரண்டு வயதிலேயே பிள்ளைகளைப் பிரித்துவிடுவார்கள். சிலர் மேல்படிப்புக்கான பள்ளிக்குப் போவார்கள், சிலர் கீழ்ப்பள்ளிக்கு. வாத்தியார் வாயிலிருந்து வருகிற சொல்லுக்கு அப்போது நல்ல கனம் உண்டு.

"என்ன சொன்னார் உங்களை?" என்று ரெகுலா கேட்டாள்.

"'இவ எதையும் முடிக்க மாட்டா'ன்னார். அம்மா பக்கத்துலயே இருந்தாங்க."

"எனக்கு வேற சொன்னார்."

சின்ன நாடு அல்லவா, ஒரே வாத்தியார் எத்தனை பேருக்குத்தான் சொல்லியிருப்பார்.

யோலாந்தாவின் குரல் தணிந்தது. "இவருக்கு நான் எப்படிப் பல் செய்வேன்? ஒரு மயிரிழை தள்ளி வச்சாப் போதும். ஆயுசு பூரா மனுஷன் விசிலடிச்சுக்கிட்டே பேசுவார். என் கை அதைத்தான் செய்யும்."

ரெகுலா கையைத் துடைத்துக்கொண்டு வந்து எதிரே உட்கார்ந்தாள்.

"அவர் சொன்னதைச் சொல்லுங்க."

"இப்பதானே சொன்னேன்."

"அவர் சொன்ன மாதிரியே. மெதுவா."

யோலாந்தா சொன்னாள்.

"உங்க நாக்கு எந்தெந்த இடத்துல பல்லைத் தொட்டுச்சு?"

அது அவளுக்குத் தெரியவில்லை.

"அந்த வார்த்தையை அவர் மறுபடியும் பிசிறில்லாம சொல்லணும்" என்றாள் ரெகுலா. "அப்படி ஒரு பல்செட் செய்யுங்க."

சொல்லிவிட்டுத் தன் மேசைக்குப் போய்விட்டாள்.

யோலாந்தாவுக்குக் காது சூடேறியது. எழுந்து கோட்டை எடுத்து மாட்டினாள். வாசல் வரை போனாள். இப்படியே போனால் வாத்தியார் சொன்னது பலித்துவிடும் என்று தோன்றியது. திரும்பி வந்து கோட்டைக் கழற்றினாள்.

மெழுகில் ஒவ்வொரு பல்லாக நட்டாள். நட்டுவிட்டு அந்த வார்த்தையைச் சொல்லிப் பார்த்தாள். நாக்கு எங்கே ஏறுகிறது, உதடு எங்கே மடங்குகிறது, காற்று எந்தச் சந்து வழியாக வெளியே போகிறது என்று கவனித்தாள். ஒரு பல்லைப் பிடுங்கித் திரும்ப நட்டாள். முதல் நாள் சொல்லும்போது பக்கத்தில் நின்ற அம்மாவின் முகம் ஞாபகம் வந்தது. அப்புறம் நாக்கும் பல்லும் மட்டும்தான் ஞாபகத்தில் இருந்தன.

இத்தனை வருஷம் அந்த வார்த்தையைச் சுமந்திருக்கிறாள். அது எப்படி உண்டாகிறது என்று ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை. ஒரு மூச்சு, கொஞ்சம் தசை, இரண்டு வரிசைப் பல். இதை வைத்துக்கொண்டு மனிதர்கள் திட்டுகிறார்கள், தாலாட்டுகிறார்கள். எந்தப் பள்ளிக்கும் போகாத குழந்தைகூட இதைச் செய்துவிடுகிறது. யோலாந்தா வேலையை நிறுத்திவிட்டு, கண்ணாடியில் தன் வாயையே கொஞ்ச நேரம் வியந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

பல்செட் தயாரானதும் மருத்துவர் அதைப் பொருத்தி, பேச்சு சரியாக வருகிறதா என்று செய்தவர்களே கேட்டுப் பார்க்கட்டும் என வாத்தியாரைப் பட்டறைக்கு அனுப்பிவைத்தார். காஸ்னர் வாத்தியார் ரொம்பவும் இளைத்திருந்தார். யோலாந்தாவைப் பார்த்து வணக்கம் சொன்னார். யாருக்கும் சொல்கிற வணக்கம்தான் அது.

"நீளமா ஏதாவது சொல்லுங்க சார், நிறுத்தாம" என்றாள் ரெகுலா.

"நிறுத்தாம சொல்ல எனக்கு ஒண்ணுதாம்மா வரும்."

ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு ஆரம்பித்தார்.

"ஃபெலிக்ஸ் பெக். செசில் ஃபிரிக். ஆல்பின் ஹோப்."

வருகைப் பதிவு. ஒவ்வொரு பெயருக்குப் பிறகும், பதில் வர இடம் கொடுப்பதுபோல் துளி நிறுத்தினார். ஒரு வகுப்பு முடிந்ததும் அடுத்த வருஷத்து வகுப்பைத் தொடங்கினார். பஸ் ஓட்டுகிறவர், தபால் கொடுக்கிறவர், போன மாதம் செத்துப்போனவர் என்று பாதி நாடு அந்தச் சின்னப் பட்டறைக்குள் வந்து நின்றது. யோலாந்தாவுக்கு உடம்பு சிலிர்த்தது. ஒரு பெயர்கூட நொண்டவில்லை.

அப்புறம் அவள் வகுப்பு வந்தது. அவள் பெயர் எப்போதும் கடைசி.

"யோலாந்தா வோல்வெண்ட்."

மேல்பல் கீழுதட்டை இரண்டு முறை தொட்டு விலகியதை அவள் பார்த்தாள். விசில் இல்லை, பிசிறு இல்லை. அவளையும் அறியாமல் வாய் திறந்துகொண்டது.

"இருக்கேன் சார்."

வாத்தியார் ஜன்னலைப் பார்த்தபடியே, வகுப்பில் தலையாட்டுவதுபோல் தலையை ஆட்டிவிட்டு அடுத்த வருஷத்துக்குப் போனார். வெகுநேரம் கழித்து ரெகுலாவின் பெயரும் வந்தது. அவள் தலை நிமிராமல் கருவிகளைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

அவர் போன பிறகும் யோலாந்தா கதவையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"என்னை அவர் அடையாளம் கண்டுக்கிட்டாரா, ரெகுலா?"

"அது அவர் வேலை" என்றாள் ரெகுலா. "உங்க வேலை முடிஞ்சிருச்சு."