பத்தாவது மாடிக்கு ஒரு நிறைகுடம்

கால்வாய்க் கரைக் குடிசைக்காரங்களுக்கு வீடு வந்த கதை இது. அரசாங்கம் நிலம் கொடுத்தது, ஒரு கம்பெனி பத்துப் பத்து மாடியா ரெண்டு கட்டடம் கட்டியது. முன்னால் இருந்தது விலைக்கு விற்கிற கட்டடம். அதுக்கு ரெண்டு லிஃப்ட். பின்னால் குடிசைக்காரங்க கட்டடம்; அதுக்கு வெறும் படிதான்.

"உழைக்கிற சனத்துக்கு லிஃப்ட் எதுக்கு? படி ஏறினா உடம்புக்கு நல்லது," என்றார் கம்பெனி மேனேஜர் தனசேகர். எல்லாம் சரி என்று ஒரு காகிதத்தில் கையெழுத்துப் போட்டால்தான் சாவியாம்.

மீன் விற்கிற பவுனம்மா சொன்னாள்: "போடறோம் சார். முதல்ல பால் காய்ச்சணுமே! வீடு கொடுத்தவர் கையாலதான் நிறைகுடம் மேலே வரணும். வழியில இறக்கக் கூடாது. என் வீடு பத்தாவது மாடி."

சாவி கொடுக்கிறதைப் படம் பிடிக்க வந்த போட்டோக்காரர் நின்றதால் மேனேஜர் சிரித்துக்கொண்டே குடத்தைத் தூக்கினார். மூணாவது மாடியில் சிரிப்பு போச்சு. அஞ்சாவதில் சட்டையெல்லாம் தண்ணி. ஆறாவதில் சுவரோடு சாய்ந்து, "யோவ், லிஃப்ட் எங்கய்யா?" என்று கத்தினார்.

கூட ஏறிவந்த அரசாங்க அதிகாரியம்மா மூச்சு வாங்கப் படியிலேயே உட்கார்ந்துவிட்டார். பவுனம்மா அந்தக் கையெழுத்துக் காகிதத்தை அவரிடம் நீட்டினாள்.

"சார் கேட்டதை அப்படியே எழுதுங்கம்மா. அதுக்குக் கீழே நாங்க அத்தனை பேரும் கையெழுத்துப் போடறோம்."

லிஃப்ட் வந்த அன்னைக்குத்தான் பத்தாவது மாடியில் பால் பொங்கியது. முதல் டம்ளர் மேனேஜருக்கு.