காடு பேசாதிருந்த பொழுது

ஓங்கி வளர்ந்த ஈட்டி மரத்தின் உச்சிக் கிளையில் சித்திரகண்டன் என்னும் கரிச்சான் குருவி வாழ்ந்துவந்தது. கரிய உடல், வாலின் முனையில் துடுப்புப் போன்ற இரண்டு நீண்ட இறகுகள், தொண்டைக்குள்ளோ ஒரு காடு முழுதும் குடியிருந்தது. அது குயிலாய்க் கூவும், பருந்தாய் வீரிடும், மானாய் மிரண்டு குரலெழுப்பும். எந்த ஓசையையும் ஒருமுறை கேட்டால் போதும், மறுமுறை அது சித்திரகண்டனின் வாயிலிருந்து வரும். தன் சொந்தக் குரல் எது என்பதை மட்டும் அது எவருக்கும் காட்டியதில்லை.

அதே மரத்தின் பொந்தில் பொறையாள் என்னும் பெண் இருவாச்சி குஞ்சு பொரித்திருந்தது. தன் குலத்தின் வழக்கப்படி அது பொந்துக்குள் புகுந்து, வாயிலைப் பூசி அடைத்து, சிறகுகளையும் உதிர்த்துவிட்டது. அலகு நுழையும் அளவுக்கு ஒரு பிளவு மட்டுமே மிச்சம். அதன் வழியாகத்தான் துணைப்பறவை அத்திப் பழங்களை ஊட்டும். புதுச் சிறகு முளைக்கும்வரை பொறையாளுக்குப் பறத்தல் இல்லை. அந்த மரமே வீடு, அந்த மரமே உயிர்.

ஒருநாள் பல்கலைக்கழகத்திலிருந்து இருவர் வந்தனர். ஒருவர் மின்னணுவியல் கற்ற இளைஞர். மற்றவர் மரங்களை ஆராயும் அம்மையார். பக்கத்து நாவல் மரத்தில் சாம்பல் நிறப் பெட்டி ஒன்றைக் கட்டிவிட்டுப் போயினர். பெட்டியின் அடியில் இதமான வெம்மை இருந்ததால், அவர்கள் பேச்சையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்த காட்டுப் பல்லி ஒன்று அன்றே அங்குக் குடியேறியது.

"பல்லியாரே! அது என்ன?" என்று கேட்டது சித்திரகண்டன்.

"காது!"

"வெறுங்காதா? வாய் இல்லையா?"

"உண்டு. ஆனால் அது பேசுவது நமக்குக் கேளாது. இந்தப் பெட்டி அடுத்த மலையிலுள்ள பெட்டிக்குச் சொல்லும். அது அதற்கடுத்த பெட்டிக்குச் சொல்லும். கம்பி இல்லை, கயிறு இல்லை, எல்லாம் காற்றின் வழியேதான்! மரம் அறுக்கும் இயந்திரத்தின் ஓசை இங்கே கேட்டால், நீ கண்ணிமைப்பதற்குள் வனத்துறை அலுவலகத் திரையில் ஒரு சிவப்புப் புள்ளி எரியும். 'முன்பெல்லாம் செய்தி மேசை மேசையாக ஏறி இறங்கும். அதற்குள் மரம் லாரியில் ஏறிவிடும். இனி அந்தப் புள்ளியே ஆணை; காவலர் உடனே புறப்பட வேண்டியதுதான்' என்றார் அம்மையார்." பல்லி 'இச் இச்' என்று தன் சொல்லைத் தானே ஆமோதித்துக்கொண்டது.

சித்திரகண்டனுக்கு இறகெல்லாம் சிலிர்த்தது. பறவையில்லாமல் பறக்கும் சொல்! மலையைத் தாண்டும், மழையிலும் நனையாத சொல்! அப்படியும் ஒன்று உலகில் உண்டா?

வியப்பு அடங்குமுன் விளையாட்டுப் புத்தி எழுந்தது. முன்பொருமுறை கேட்ட அறுவை இயந்திரத்தின் ஓசையை அது தொண்டையில் கூட்டியது. "ர்ர்ரீ...ங்!"

சற்று நேரத்தில் காவலர்கள் மூச்சிரைக்க ஓடிவந்தனர். மரங்களைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தனர். தலையைச் சொறிந்துகொண்டு திரும்பினர்.

கிளையிலிருந்த கருமந்தி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. "இன்னொருமுறை, அண்ணே! அந்தத் தொப்பைக்காரர் மறுபடி ஏறிவருவதைப் பார்க்கவேண்டும்!"

மறுமுறையும் நடந்தது. அதன்பின் பலமுறை நடந்தது. 'நான் வாய் திறந்தால் அரசாங்கமே ஓடிவருகிறது!' என்று சித்திரகண்டன் கிளைக்குக் கிளை தாவிக் கூத்தாடியது.

பொந்தின் பிளவிலிருந்து பொறையாள் அழைத்தது. "தம்பி, அந்த ஓசை வேண்டாமப்பா. அதைக் கேட்கும்போதெல்லாம் என் குஞ்சு நடுங்குகிறது."

"அது நான்தானே அக்கா?"

"எனக்குத் தெரியும். குஞ்சுக்கு எப்படித் தெரியும்?"

சித்திரகண்டன் சிரித்துவிட்டுப் பறந்துபோயிற்று.

சில நாள்களில் அம்மையாரும் இளைஞரும் மீண்டும் வந்தனர். பெட்டி பதிந்துவைத்த ஓசைகளைத் திரும்பத் திரும்பக் கேட்டனர். திடீரென்று அம்மையார் உச்சிக் கிளையை நிமிர்ந்து பார்த்து, "அட, கள்ளக் குருவியே! நீயா?" என்று வாய்விட்டுச் சிரித்தார். இளைஞர் பெட்டியைத் திறந்து நெடுநேரம் வேலை செய்தார்.

அவர்கள் போனதும் பல்லி எட்டிப் பார்த்தது. "உன் ஆட்டம் முடிந்தது, சித்திரகண்டா! இயந்திரத்தின் ஓசை வேறு, அதைப் போல நீ எழுப்பும் ஓசை வேறு என்று பெட்டிக்குப் பயிற்றிவிட்டார்கள். இனி நீ எந்த வேடம் போட்டாலும் அது உன்னை அறியும்."

சித்திரகண்டன் நம்பவில்லை. தொண்டை நோகக் கத்திப் பார்த்தது. எவரும் வரவில்லை.

பின்னொரு நண்பகலில் மரத் திருடர் இருவர் வந்தனர். ஒருவன் பெரிய வாள் ஒன்றைச் சாக்கில் சுற்றி எடுத்துவந்தான். அது இயந்திரமன்று, இருபுறமும் கைப்பிடி கொண்ட இழுப்புவாள்.

"மச்சான், அதோ பெட்டி! சத்தமில்லாமல் இழு. இது அதற்குத் தெரியாத வாள்," என்றான் அவன்.

ஈட்டி மரத்தின் அடியில் பற்கள் பதிந்தன. கறுக்... கறுக்... சருகை எலி கொறிப்பது போன்ற மெல்லோசை. பெட்டி அசையவில்லை.

"தம்பி!" என்று பொந்துக்குள்ளிருந்து குரல் வந்தது. "மரம் அதிர்கிறதே! இதுவும் நீதானா?"

சித்திரகண்டன் கீழே எட்டிப் பார்த்தது. "இல்லை அக்கா. இது நானில்லை!"

அது பெட்டியின்முன் பறந்து நின்று இயந்திரமாய் உறுமிற்று, புலியாய் முழங்கிற்று, யானையாய்ப் பிளிறிற்று. பெட்டியோ, 'கரிச்சான்' என்று கணித்துக்கொண்டு வாளாவிருந்தது.

"பல்லியாரே! அதற்குப் புரியும்படி நான் என்னதான் சொல்வேன்?"

"நீ என்ன சொன்னாலும் பயனில்லை." பல்லி வாலை ஆட்டிக்கொண்டே நினைவைத் துழாவியது. "ஆனால் அம்மையார் அன்று இன்னொன்றும் சொன்னார். ஒவ்வொரு பொழுதுக்கும் காட்டுக்கு ஓர் ஓசை உண்டாம். அதைப் பெட்டி மனப்பாடம் செய்திருக்கிறதாம். அந்த ஓசை காணாமற்போனால், 'காட்டுக்கு என்னவோ ஆயிற்று' என்று அப்போதும் சொல்லியனுப்புமாம்."

சித்திரகண்டன் ஒரு கணம் திகைத்தது. மறுகணம் பறந்தது.

"எல்லாரும் பேச்சை நிறுத்துங்கள்! பொறையாள் அக்காவின் மரத்தை அறுக்கிறார்கள்!"

கருமந்தி கண்ணைச் சுருக்கியது. "யாரது? இந்தக் கரகரத்த குரலை நான் கேட்டதே இல்லையே!"

"நான்தான். இதுதான் என் குரல்."

கருமந்தி சிரிக்கவில்லை. அழகில்லாத அந்தக் குரலில் நடிப்பு ஏதுமில்லை என்பது அதற்குப் புரிந்தது. அது வாயைப் பொத்திக்கொண்டு, தன் கூட்டத்துக்கும் கையசைத்தது. குயில் நிறுத்தியது. மைனாக்கள் நிறுத்தின. சில்வண்டுத் தலைவன் மட்டும் சீறினான்.

"பல ஆண்டுகள் மண்ணுக்குள் வாய்மூடிக் கிடந்துவிட்டு, இப்போதுதானே வெளியே வந்தோம்! எங்கள் கல்யாணப் பாட்டை நிறுத்தச் சொல்ல நீ யார்?"

"இந்த மரம் விழுந்தால், உன் பிள்ளைகள் எந்த வேரின் சாற்றைக் குடித்து வளரும்?"

தலைவன் சிறகை மடக்கினான்.

அப்போது அது நிகழ்ந்தது. நண்பகற் காட்டின் பேரிரைச்சல், ஒரு திரைச்சீலை அவிழ்ந்து விழுவதைப் போல, மலைமுகட்டிலிருந்து பள்ளத்தாக்குவரை நழுவி விழுந்தது. இலை உதிர்வது கேட்டது. பாறைமேல் வெயில் காய்வதே கேட்பது போலிருந்தது. அத்திப் பழத்தை அலகில் ஏந்திவந்த துணை இருவாச்சி, சிறகொலி எழாதிருக்க அருகிலிருந்த கிளையிலேயே உறைந்து நின்றது. பொந்துக்குள் பசித்த குஞ்சைப் பொறையாள் மார்போடு அணைத்து அதன் அலகை மூடியது. பல்லிகூட 'இச்' கொட்டவில்லை.

கறுக்... கறுக்... வாள் மட்டும் இழுபட்டது. ஒவ்வோர் இழுப்பும் சித்திரகண்டனின் எலும்பில் ஏறிற்று. கத்தவேண்டும் போல் தொண்டை துடித்தது. ஆயிரம் குரல்களையும் அது விழுங்கிக்கொண்டு அமர்ந்திருந்தது.

"மச்சான், காடு ஏன் திடீரென்று வாயை மூடிக்கொண்டது?" என்றான் ஒருவன்.

"நீ உன் வாயை மூடிக்கொண்டு வாளை இழு!" என்றான் மற்றவன். அவசரத்தில் அவன் கோணலாக இழுத்தான். வாள் வெட்டுக்குள் சிக்கி நின்றது. இருவரும் அதைப் பிடுங்கப் போராடிக்கொண்டிருக்கும்போதே காவலர்கள் வந்து சூழ்ந்தனர். தொப்பைக்காரர்தான் முதலில் வந்தார்.

மாலையில் அம்மையார் வந்தார். பெட்டி அனுப்பியிருந்த ஓசைக் கோட்டை இளைஞருக்குக் காட்டினார். அலையலையாய் ஓடிவந்த கோடு ஓரிடத்தில் அப்படியே படுத்துக் கிடந்தது.

"இத்தனை உயிர்களும் ஒரே நேரத்தில்..." என்று தொடங்கினார். மரத்தின் காயத்தின்மேல் உள்ளங்கையை வைத்தபடி, மேலே அண்ணாந்து பார்த்துக்கொண்டே நின்றார்.

உச்சிக் கிளையில் சித்திரகண்டன் கரகரத்த குரலில் ஒருமுறை கூவிற்று. பெட்டி அதைக் கேட்டது. பொந்துக்குள்ளிருந்த குஞ்சும் கேட்டது; நடுங்கவில்லை.

பொய்யாக எழுப்பிய ஆயிரம் குரல்களால் காக்க முடியாத உயிரை, எல்லாரும் ஒருமனப்பட்டுக் காத்த ஒரு மௌனம் காத்துவிடும்.