ராஜாவின் மீசைச் சீப்பும் திவான் வாங்கிய பிரேக் ஓஸும்

நெடுங்கோம்பை ராஜாவுக்கு ராணிகள் இரண்டு பேர், கார் ஒன்று. ராணிகள் கோபித்துக்கொண்டால் குறட்டை விட்டுத் தூங்கிவிடுவார். கார் மக்கர் செய்தால்தான் அவருக்குச் சோறு இறங்காது. அவருடைய அப்பா விட்டுப்போன பழைய சீமைக் கார் அது.

ஒருநாள் அதன் முன்சக்கரத்துப் பிரேக் ஓஸ் வெடித்துவிட்டது. ஓஸ் என்றால் ஒரு முழ ரப்பர் குழாய்தான். பிரேக்கை மிதித்தால் அதன் வழியாக எண்ணெய் பாய்ந்து சக்கரத்தைப் பிடிக்கும். குழாய் பிடுங்கிக்கொண்டால் எண்ணெய் ரோட்டுக்கு, கார் பள்ளத்துக்கு.

புது ஓஸ் வாங்கப் பட்டணம் போனவர் திவான் அனந்தராயர். பழையதைக் கையோடு கொண்டுபோய்க் காட்டி வாங்குங்கள் என்று டிரைவர் இன்னாசி கெஞ்சினான். எண்ணெய்ப் பிசுக்கைத் தூக்கிக்கொண்டு ஒரு திவான் கடை கடையாக அலைவதா? தன் சுண்டுவிரல் மோதிரத்தைக் கழற்றினார். பழைய ஓஸின் பித்தளைத் தலையை அதற்குள் விட்டுப் பார்த்தார். கச்சிதமாக நுழைந்தது. பட்டணத்தில் அதே மோதிரத்துக்குள் நுழைந்த முதல் ஓஸை வாங்கிக்கொண்டார். மிச்ச நேரத்துக்கு அல்வா தின்றுவிட்டு வந்து சேர்ந்தார்.

இன்னாசி மாட்டிப் பார்த்தான். இரண்டு சுற்றுப் போனது, மூன்றாவதில் முறைத்துக்கொண்டு நின்றது. தடிமன் ஒன்றுதான், ஆனால் மரை, அதாவது திருகுப் பல், வேறு என்றான். திவானுக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. உன் கையில்தான் பலமில்லை என்று சொல்லி, அரண்மனைப் பயில்வானை வரவழைத்து நீளமான ஸ்பானரைக் கொடுத்தார். பயில்வான் மூச்சைப் பிடித்துத் திருகினான். உள்ளே என்னவோ 'கறக்' என்றது. ஓஸ் போய் உட்கார்ந்துகொண்டது. ராஜா ஏறிப் பிரேக்கை மிதித்தார். நின்ற கார் நின்றது.

ராஜாவுக்குப் பரம திருப்தி. அரண்மனை இருப்பது மலை உச்சியில், அடிவாரத்துக்குப் பதினாறு கொண்டை ஊசி வளைவு. மறுநாள் காலை மைத்துனர்கள் அடிவாரத்துக்கு வருகிறார்கள், தாமே காரை ஓட்டிப்போய் அழைத்துவரப் போவதாகச் சொல்லிவிட்டார். இந்த ஓஸை இனிக் குறை சொல்கிறவனுக்கு உத்தியோகம் போகும் என்று ஓர் உத்தரவும் போட்டார்.

அதைக் கேட்டு மலைப்பாதையை ஒருமுறை எட்டிப் பார்த்தார் அடைப்பக்காரர் முத்திருளன். வெற்றிலைப் பெட்டியை வைத்துக்கொண்டு, ராஜா போகும் காரில் பின்சீட்டில் உட்காருவது அவர் உத்தியோகம். ராஜா உருண்டால் அவரும் உருள வேண்டும். வீட்டில் கல்யாணத்துக்கு நிற்கும் பெண் வேறு.

இன்னாசியைத் தனியே மடக்கி விசாரித்தார். அவன் பொறுமையாகச் சொன்னான். இரண்டு மரையைப் பல்லோடு பல்லாக ஒட்டி வைத்து வெளிச்சத்தில் பிடிக்க வேண்டும். பல்லுக்குள் பல் உட்கார்ந்தால் ஒரே மரை. நடுவே வெளிச்சம் தெரிந்தால் வேறு. வேறு மரையை முறுக்கி ஏற்றினால் பல் நசுங்கிவிடும். நிற்கிற காரில் அது தாங்கும், இறக்கத்தில் ஓங்கி மிதித்தால் பிய்த்துக்கொள்ளும்.

முத்திருளன் நேரே பெரிய ராணியிடம் போய்ப் பேன்சீப்பை இரவல் கேட்டார். எந்த வீட்டில்தான் ஒரு பெண்பிள்ளை பேன்சீப்பை வெளியே கொடுப்பாள்? உங்கள் தாலிக்காகத்தான் கேட்கிறேன் என்ற பிறகுதான் அந்தம்மாள் கொடுத்தாள்.

சாயங்காலம் சபை கூடியது. முத்திருளன் ஒரு வெள்ளித் தட்டை நீட்டினார். அதில் ராஜாவின் தந்த மீசைச் சீப்பு, பக்கத்தில் மரப் பேன்சீப்பு.

நாளைப் பயணத்துக்கு இரண்டையும் பல்லோடு பல்லாகக் கோத்து ஒரே உறையில் வைக்க நினைத்தாராம். நீளமும் ஒன்று, தடிமனும் ஒன்று, ஆனால் போகமாட்டேன் என்று அடம் பிடிக்கிறதாம்.

"என் கையில் பலமில்லை, திவான் ஐயா. இன்னாசி கையில் போகாததைப் போக வைத்தவர் நீங்கள். இதையும் பார்த்துக் கொடுங்கள்" என்றார்.

திவான் சபையை ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு அங்கவஸ்திரத்தை இடுப்பில் கட்டினார். இரண்டு சீப்பையும் எதிரெதிரே பிடித்து ஓர் அமுக்கு அமுக்கினார்.

சடக்.

தந்தப் பல் ஐந்து தெறித்து ராஜாவின் மடியில் விழுந்தது.

ராஜாவின் மீசை துடித்தது. "எங்கப்பா சீப்புய்யா அது."

திவான் சீப்புகளைத் தட்டில் போட்டுவிட்டுக் கையை விரித்தார். "மகாராஜா, என்மேல் தப்பில்லை. அது அகலப் பல்லு, இது நெருக்கப் பல்லு. பொருந்தாத பல்லைப் போட்டு அமுக்கினால் உடையாமல் என்ன செய்யும்?"

முத்திருளன் பதறிப்போய்த் திவானின் காதருகே குனிந்தார். ஆனால் சபை முழுக்கக் கேட்கும்படிதான் சொன்னார்:

"மெதுவாகப் பேசுங்கள் ஐயா. ஓஸைக் குறை சொன்னால் உத்தியோகம் போகும் என்று உத்தரவு."

ராஜாவுக்கு எதுவும் கொஞ்சம் மெதுவாகத்தான் ஏறும். மடியிலிருந்த பல்லைப் பார்த்தார். திவானைப் பார்த்தார். எழுந்து கார் கொட்டகைக்கு நடந்தார், சபையே பின்னால் போனது. ராஜா சக்கரத்தருகே குனிந்து நின்று மிதிக்கச் சொன்னார்; இன்னாசி பிரேக்கை ஓங்கி இரண்டு மிதி மிதித்தான். மூன்றாவது மிதியில் ஓஸ் பிய்த்துக்கொண்டு, ராஜாவின் பட்டுவேட்டி முழுக்க எண்ணெய்.

ராஜா வேட்டியைப் பார்த்தார். பதினாறு வளைவும் அவர் கண்ணுக்குள் வந்து போயிருக்க வேண்டும். பிறகு சிரிக்க ஆரம்பித்தவர் தொப்பை குலுங்கச் சிரித்தார். மைத்துனர்களுக்கு மாட்டுவண்டி போனது. பழைய ஓஸையும், பயில்வான் மரையைக் கெடுத்த சக்கரத்துப் பாகத்தையும் கழுத்தில் கட்டிக்கொண்டு, சரியான ஜோடி வாங்கிவரத் திவான் பட்டணம் போனார்.

"முத்திருளா, என் உசிரைக் காப்பாத்தினாய். என்ன வேணும், கேள்" என்றார் ராஜா.

"பெரிதாக ஒன்றுமில்லை மகாராஜா. புது ஓஸ் வந்த பிறகு தாங்கள் காரில் மலையிறங்கும்போது, நான் வெற்றிலைப் பெட்டியோடு நடந்தே வர உத்தரவு வேண்டும்."

"ஏண்டா, அதுதான் மரை சரியாகிவிடுமே?"

"மரை சரியாகிவிடும், மகாராஜா. ஓட்டப்போவது தாங்கள்தானே?"