கிளட்சுக்கு அடியில் கிடந்தது

அரிசி மில் முதலாளி நாச்சிமுத்துவின் காரில் கியர் போட்டால் கறகறவென்று சத்தம். பத்து வருஷமாக ஓட்டிய டிரைவர் சூசையை, கியர் போடத் தெரியாதவன் என்று எல்லார் முன்னாலும் திட்டி அனுப்பிவிட்டார். பிறகு ஒரு வாரம் தானே ஓட்டியும் சத்தம் நிற்காததால், காரை எடுத்துக்கொண்டு ஒர்க்‌ஷாப்புக்கு வந்தார்.

"கியர் பாக்ஸைக் கழட்டக் கூடாது. பத்து நிமிஷத்துல சரியாகணும்."

மெக்கானிக்குகள் முழித்தார்கள். கார் கழுவும் மயிலாத்தாள் சோப்புக் கையோடு வந்தாள்.

"எஞ்சினை நிறுத்திட்டுப் போட்டுப் பாருங்க ஐயா."

கியர் சத்தமில்லாமல் விழுந்தது.

"அப்ப பாக்ஸுல கோளாறு இல்லைங்க. கிளட்ச் முழுசா இறங்கல." குனிந்து, பெடலுக்கு அடியில் சுருண்டு கிடந்த தடிமனான கால்மிதி மேட்டை உருவினாள். "இதை யாருங்க போட்டது?"

போன மாதம் அவரே ஆசையாக வாங்கிப் போட்டது. "மேட்டு இடிக்குதுங்க" என்று சூசை சொல்ல வந்தபோது, வாயை மூடு என்றதும் அவர்தான்.

அங்கேயே நின்று போன் செய்தார். "தப்பு என்னோடதுதான் சூசை. நாளைக்கு வந்துடு."

"இப்ப ஸ்கூல் வேன் ஓட்டுறேங்க. பழைய வண்டிதான். ஆனா கியர் போடத் தெரியாதவன்னு இங்க யாரும் சொல்றதில்லைங்க."

வீடு போய்ச் சேரும்வரை கியர் சத்தமே போடவில்லை. நாச்சிமுத்துவும்தான்.