பக்கத்துக் கலாசாலைக்குப் போன பயணம்

நெல்லிமங்கலத்தை ஆண்ட மகுடகேசரி மகாராஜாவுக்கு யானைப் படை இருந்தது, குதிரைப் படை இருந்தது. மகள் இல்லாமல் ஒரு வேளை சாப்பிடும் தைரியம் மட்டும் இல்லை. இளவரசி வடிவாம்பிகை பக்கத்தில் உட்கார்ந்தால்தான் அவருக்கு ரசம் இறங்கும். அந்தப் பெண்ணோ ஒரு நாள் சபைக்கே வந்து நின்று, "அப்பா, நான் மணற்றுறைக் கலாசாலைக்குப் படிக்கப் போறேன்" என்றாள்.

ராஜாவின் முகம் சுண்டிப்போயிற்று.

"மணற்றுறையா? படகேறிப் போகணுமே! நம்ம ராஜவீதிக் கோடியில் என் பேரிலேயே ஒரு கலாசாலை இருக்கே, அதுக்கு என்ன குறைச்சல்?"

"அங்கே உங்க மீசையைப் பற்றிச் செய்யுள் கட்டத்தான் சொல்லித் தர்றாங்க, அப்பா. வலது மீசைக்கு ஒரு வருஷம், இடது மீசைக்கு ஒரு வருஷம். நான் ஏரிக்கரை கட்டும் வித்தை படிக்கணும். மழைக்கு மழை நம்ம ஏரி உடையுதே, மீசையை வச்சா அடைக்கிறது?"

சபையில் யாரோ களுக்கென்று சிரித்து, அதை இருமலாக மாற்றிக்கொண்டார்கள். மந்திரி பரிபூரணருக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. ராஜவீதிக் கலாசாலையின் தலைமை ஆசான் அவருடைய மைத்துனர்.

"மகாராஜா, பெண்பிள்ளையைக் கண்காணாத இடத்துக்கு அனுப்பிட்டுத் தாங்கள் தனியா என்ன செய்வீங்க?" என்று தூபம் போட்டார் மந்திரி.

அவ்வளவுதான். ராஜா சிம்மாசனத்தில் ஓங்கி அடித்தார். "அரண்மனையிலிருந்து எந்தக் கலாசாலைக்குச் சீக்கிரம் போய்ச் சேரலாமோ, அதில்தான் என் மகள் படிப்பாள். இது ராஜவாக்கு!"

இளவரசிக்குக் கண் கலங்கிவிட்டது. விதூஷகன் அங்கமுத்துவுக்கு அதைப் பார்க்கப் பொறுக்கவில்லை. சின்ன வயதில் அவள் அரண்மனைத் தோட்டத்துச் சேற்றில் வாய்க்கால் வெட்டி, அவனை மதகு மாதிரி குறுக்கே உட்காரவைத்து விளையாடியவள்.

"மகாராஜா, ராஜவாக்கை அப்புறம் மாற்ற மாட்டீங்களே?" என்றான்.

"மாற்றினால் என் பேர் மகுடகேசரி இல்லை!"

"அப்போ நாளைக்கே சோதிச்சுப் பார்த்துடலாம். இளவரசி முன்வாசல் வழியா ராஜவீதிக் கலாசாலைக்குக் கிளம்பட்டும். நான் பின்வாசல் வழியா ஆற்றுக்குப் போய், படகேறி மணற்றுறைக்குப் போறேன். யார் முந்துறாங்கன்னு பார்ப்போம்."

மந்திரி வயிறு குலுங்கச் சிரித்தார். "ஒரு வெற்றிலை மென்னு முடிக்கிறதுக்குள்ளே போற தூரம்! தோற்றால் உன் மீசையில் பாதியை எடுத்துடணும், சம்மதமா?"

"எந்தப் பாதின்னு நீங்களே சொல்லுங்க."

வீறாப்பாகச் சொல்லிவிட்டானே தவிர, மறுநாள் காலை கட்டுச்சோற்றோடு படகேறும்போது அங்கமுத்துவுக்குப் பயம்தான். மீசையை இரண்டு பக்கமும் ஒரு தடவை தடவிப் பார்த்துக்கொண்டான்.

இந்தப் பக்கம் இளவரசியின் பல்லக்கு முன்வாசலைத் தாண்டியது. அங்கேதான் இருக்கிறது சங்கதி! நெல்லிமங்கலத்தில் ஒரு வழக்கம். அரச குடும்பத்தார் ராஜவீதியில் இறங்கினால் வாசலுக்கு வாசல் ஆரத்தி, மாலை, பலகாரம். ஒரு வாசலை விட்டுவிட்டால் அந்த வீட்டுக்கே அவமானம். ராஜாவின் பாட்டனார் ஒரு வீட்டை மறந்து தாண்டிப் போனார். அந்த வீட்டார் இன்றுவரை அரண்மனையோடு பேசுவதில்லை. இது ராஜாவுக்குத் தெரியாதா என்று கேட்பீர்கள். தெரியும். பலகாரம் வந்துகொண்டே இருந்தால் அவருக்கு நேரம் போவது தெரியாது, அவ்வளவுதான். மந்திரியோ தான் தனியாக நடந்து போகும் நேரத்தையே கணக்குப் போட்டிருந்தார்.

முதல் வீட்டில் பாயசம். அடுத்த வீட்டுக்காரி விடுவாளா? பாயசமும் வடையும். அதற்கடுத்த வீட்டில் இலையே போட்டுவிட்டார்கள். ஒரு வீட்டில் குழந்தைக்குப் பேர் வைக்கச் சொன்னார்கள். இளவரசி வைத்த பேர் மாமியாருக்குப் பிடிக்கவில்லை, அந்தப் பஞ்சாயத்து முடியவே சாயங்காலம் ஆயிற்று. ஆரத்தி எடுத்து முடித்த ஒருத்தி கொல்லை வழியாக ஓடி, நாத்தனார் வீட்டு வாசலில் நின்று மறுபடியும் எடுத்தாள். இருட்டியதும் பல்லக்கு நின்ற வீட்டிலேயே இளவரசிக்குப் பாய் விரித்தார்கள். விடிந்தால் அதே வீட்டில் காலை ஆரத்தி!

அங்கமுத்து மணற்றுறையில் இறங்கி, இளவரசிக்கு இடம் கேட்டு, ஏரிக்கரைப் பாடம் ஒன்றில் உட்கார்ந்து பாதியில் தூங்கி, சாட்சிக்கு அந்த ஊர் ஆசானையும் கையோடு கூட்டிக்கொண்டு சபைக்கு வந்து நின்றான்.

"இளவரசி எங்கே, மகாராஜா?"

ராஜா மந்திரியைப் பார்த்தார். மந்திரி தரையைப் பார்த்தார். "பாதி வீதி தாண்டிட்டாங்களாம்..." என்று இழுத்தார்.

"என் மகள் போனதிலிருந்து எனக்கு ரசம் இறங்கலையே!" என்று ராஜா புலம்பினார்.

"அந்த வழக்கத்தையே நிறுத்திட்டால் போச்சு, மகாராஜா!" என்று துள்ளினார் மந்திரி.

"தாராளமா நிறுத்தலாம்" என்றான் அங்கமுத்து. "வாசல்ல தட்டோடு நிற்கிற அத்தனை பெண்கள்கிட்டேயும் மந்திரியாரே போய், 'உங்க ஆரத்தி வேண்டாம்'னு சொல்லட்டும்."

மந்திரிக்கு வேர்த்துவிட்டது. "என் சம்சாரமும் அங்கேதான் நிற்கிறாள்" என்று முனகிவிட்டு உட்கார்ந்தார்.

ராஜா சிம்மாசனத்தை விட்டு எழுந்தார். "ராஜவாக்கு ராஜவாக்குதான். அவள் மணற்றுறைக்கே போகட்டும். ஆனா என்னால அவளைப் பார்க்காம இருக்க முடியாதேடா, அங்கமுத்து!"

"பார்க்கணும்னுதானே மணற்றுறைக்கு அனுப்பச் சொல்றேன்! அங்கே வீதியில் உங்களை ஒருத்தருக்கும் தெரியாது, ஆரத்தியும் கிடையாது. பின்வாசல்ல படகேறினால் நினைச்சப்போ பார்த்துட்டு வரலாம். ராஜவீதியில் சேர்த்தீங்களோ, இளவரசிக்கே இந்தக் கதி. மகாராஜா நீங்க மகளைப் பார்க்கக் கிளம்பினால், அவங்க படிப்பு முடிஞ்சு, கல்யாணமாகி, உங்க பேரப்பிள்ளையை இடுப்பில் தூக்கிக்கிட்டு நடுவீதியில் எதிரே வருவாங்க!"

ராஜா விழுந்து விழுந்து சிரித்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டே கழுத்திலிருந்த முத்துமாலையைக் கழற்றினார். "யாரங்கே! இந்த மாலையை அங்கமுத்துவுக்குப் போட்டு, யானைமேல் ஏற்றி, ராஜமரியாதையோடு ராஜவீதி வழியாக வீட்டில் கொண்டுபோய் விடுங்கள்!"

அங்கமுத்து தடாலென்று காலில் விழுந்தான்.

"மாலை போதும், மகாராஜா! யானை வேண்டாம். என் பெண்டாட்டி இன்னைக்கே வீட்டுக்கு வரச் சொல்லியிருக்கா!"