மேல்மடுக் கெண்டை

"அம்மா, மேல்மடுப் பக்கம் இருக்கிற குடிசையை எனக்குக் கொடுத்துடுங்க. தனிமை வேணும்னு மனசு கேக்குது."

கேட்டவர் மாசிலாமணி. வயது ஐம்பத்தெட்டு. மலைமேல் இருக்கும் அந்த மடத்துக்கு வந்து பதினோரு வருஷம். குரு செங்கமலம் அவரைவிடப் பதினைந்து வயது இளையவர்.

"யாராவது ஏதாவது சொன்னாங்களா ஐயா?"

"சேச்சே! என்னை யார் என்ன சொல்லப்போறாங்க?"

அண்டப்புளுகு. ஆறு மாசத்துக்கு முன்னால் ரங்கராஜ் என்றொரு ஆள் கோயம்புத்தூரிலிருந்து வந்து சேர்ந்தான். அன்றைக்குப் போனது இவருடைய நிம்மதி.

தினமும் எல்லார் முன்னாலும் நூல் படிக்கும் காலை வாசிப்பு பதினோரு வருஷமாக மாசிலாமணியுடையது. ஒருநாள் அவருக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. ரங்கராஜ் வாசித்தான். மறுநாளும் அவனே வாசித்தான். இவர் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டால் ஆசை என்று ஆகிவிடுமே! துறக்க வந்த இடத்தில் அதை எப்படிக் கேட்பது?

கேட்காத வாய் சும்மா இருந்தது. மனசு சும்மா இருக்குமா? அவன் சிரித்தால் சந்தேகம். சிரிக்காவிட்டால் அதைவிடச் சந்தேகம். இருமலுக்குக் கஷாயம் வைத்துக் கொடுத்தான். முகர்ந்து பார்த்துவிட்டுச் செடிக்கு ஊற்றினார்.

"குடிசை தர்றேன்" என்றார் குரு. "அதுக்கு முன்னால ஒண்ணு சொல்லுங்க. நம்ம ஊர்க் கெண்டை ஏன் மேல்மடுவுல மட்டும் இருக்கு?"

மேல்மடு பாறை இடுக்கில் கிடக்கும் சின்னப் பள்ளம். குளிர் எலும்பைக் குடையும். பூச்சி புழு அதிகம் கிடையாது. கீழ்மடு அகலம், தீனிக்குப் பஞ்சமில்லை. அங்கே முழுக்க டிரவுட். வெள்ளைக்காரன் தூண்டில் போட்டு விளையாடக் கொண்டுவந்து விட்ட மீன்.

"கெண்டைக்குக் குளிர் பிடிக்கும் அம்மா. கூட்டம் பிடிக்காது. அது தபசி மீன்."

சொல்லும்போதே அவருக்குப் பெருமையாக இருந்தது.

"அப்படியா? பார்த்துடலாம்."

மேல்மடுவிலிருந்து ஓடை இறங்கிக் கீழ்மடுவில் வந்து சேரும் மூலையை மட்டும் மூங்கில் தட்டி வைத்து மறிக்கச் சொன்னார் குரு. உள்ளே இருந்த டிரவுட்டை வலை போட்டு அந்தப்பக்கம் விட்டார்கள். மேலிருந்து பத்துக் கெண்டையைக் குடத்தில் கொண்டுவந்து இந்தப்பக்கம் விட்டார்கள். ஓடைப்பக்கம் திறந்தே இருந்தது.

"போகணும்னா மேலேயே போகட்டும்" என்றார் குரு.

தட்டியின் மறுமுனையைப் பிடித்தவன் ரங்கராஜ். மாசிலாமணிக்குச் சந்தேகம். இந்த வேலையைக் கிளப்பிவிட்டதே இவன்தானோ? தட்டியைத் தளர்த்திவிடுவானோ? தினமும் போய்க் கட்டுகளை இழுத்து இழுத்துப் பார்த்தார். ஒன்றும் அவிழவில்லை. அதுவும் சந்தேகமாகத்தான் இருந்தது.

ஒரு மாசம். ஒரு கெண்டைகூட மேலே போகவில்லை. மேலிருந்து இன்னும் சில இறங்கி வந்தன. எல்லாவற்றுக்கும் வயிறு பானை மாதிரி.

"தபசி நல்லா சாப்பிடுறாரே ஐயா!" என்று சிரித்தார் குரு.



தட்டியை எடுக்கச் சொன்னார் குரு. நாலு டிரவுட் வந்தது. யாரையும் கடிக்கவில்லை, துரத்தவில்லை. ஓடை தீனி கொண்டுவரும் வாயில் போய் நின்றுகொண்டது. அவ்வளவுதான். கெண்டைகள் ஓரம் ஒதுங்கின. அப்புறம் கரையோரம். மூன்றாம் நாள் ஒன்றுகூட இல்லை, எல்லாம் மேல்மடுவுக்கே திரும்பிவிட்டன.

"பார்த்தீங்களா! பார்த்தீங்களா அம்மா!" மாசிலாமணி குதித்தார். "வந்தவன் புத்தியைக் காட்டிட்டான்! நான் அப்பவே சொன்னேன்!"

"எப்போ சொன்னீங்க?"

நாக்கைக் கடித்துக்கொண்டார்.

"டிரவுட் மேல்மடுவுக்கு ஏன் போகலை?"

"அந்த உடம்புக்கு அங்க தீனி பத்தாது அம்மா."

"கெண்டைக்கு?"

"அதுக்கும் பத்தாதுதான். கிடைச்சதைத் தின்னுட்டுக் கிடக்குது."

"குளிர் பிடிச்சுப்போயா அங்க கிடக்குது?"

இல்லை என்று தலையசைத்தார் மாசிலாமணி.

குரு மடியிலிருந்து சாவியை எடுத்து நீட்டினார். "இந்தாங்க, உங்க குடிசை."

சாவியைத் தொடக் கை வரவில்லை. அழுகை வந்தது. திரும்பி, தட்டியைச் சுருட்டிக்கொண்டிருந்த ரங்கராஜிடம் போனார்.

"தம்பி, நாளைக்கு நான் வாசிக்கணும். எனக்கு அது வேணும்."

ரங்கராஜ் முகம் விழுந்துவிட்டது. "எனக்கும் அது ரொம்பப் பிடிச்சுப்போச்சே ஐயா."

ஆக, சந்தேகம் பொய்யில்லை! ஆனால் ஏனோ இப்போது கோபம் வரவில்லை.

"ஒருநாள் விட்டு ஒருநாள்?" என்றார் மாசிலாமணி.

கொஞ்சம் யோசித்து, அவன் தலையாட்டினான்.

குரு சாவியை மறுபடி மடியில் செருகிக்கொண்டார்.

"கெண்டைக்குத்தான் கேக்க வாய் இல்லை. உங்களுக்கு என்ன வந்துச்சு, ஆறு மாசமா?"