தாணுலிங்கம் மூடிய நாற்பத்தொரு எண்கள்

பியூலா டீச்சரைப் பார்க்கும்போதெல்லாம் தாணுலிங்கம் ஒரே கேள்வியைத்தான் கேட்பார்.

“எப்போ டீச்சர் கிடைக்கும்?”

“தெரியாது சார்.”

“உத்தேசமா?”

“உத்தேசமாவும் தெரியாது.”

டீச்சருக்கு நாற்பத்து மூன்று வயது. நாகர்கோவிலில் கல்லூரிப் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுப்பவர். தாணுலிங்கம் மின்வாரியத்தில் இருந்து ஓய்வு பெற்றவர், அறுபத்தொன்று முடிந்துவிட்டது. என்றாலும் ‘நான் டீச்சரோட சீடனாக்கும்’ என்று ஊரெல்லாம் சொல்லிக்கொள்வார்.

ஒரு கோடி இலக்கங்கள் கொண்ட ஒரு பகா எண்ணை, தன்னையும் ஒன்றையும் தவிர எதனாலும் வகுபடாத எண்ணை, டீச்சர் தேடிக்கொண்டிருந்தார். தனியாக அல்ல. பல ஊர்களில் அறுநூறு பேர் தங்கள் வீட்டுக் கம்ப்யூட்டர் சும்மா இருக்கும் நேரத்தை இதற்குக் கொடுத்திருந்தார்கள். ஆளுக்கொரு எண்ணாகப் பட்டியலில் இருந்து பிரித்துக் கொடுப்பார் டீச்சர். ஒரு எண்ணைச் சோதிக்கப் பத்து நாளும் ஆகும், இரண்டு மாதமும் ஆகும். முடிவில் பகா எண் இல்லை என்றால், கம்ப்யூட்டர் ஒரு நீளமான குறியைக் காட்டும்; ஒரே எண்ணை யார் சோதித்தாலும் அதே குறிதான் வர வேண்டும். பட்டியலில் அந்த எண்ணுக்கு நேரே ‘முடிந்தது’ என்று விழும். நான்கு வருடமாக ‘முடிந்தது’ மட்டும்தான் விழுந்துகொண்டிருந்தது.

தாணுலிங்கத்துக்கு இருப்புக் கொள்ளவில்லை. புதுக் கம்ப்யூட்டர் வாங்கினார். அதன் பெட்டியைக் கழற்றிப் போட்டு, எதிரே மேசை விசிறியை வைத்து, கம்ப்யூட்டரை அதற்கு விதித்த வேகத்துக்கும் மேலே முடுக்கிவிட்டார். மற்றவர்கள் ஒன்று முடிப்பதற்குள் அவர் மூன்று முடித்தார். எட்டு மாதத்தில் நாற்பத்தொன்று.

ஒரு நாள் டீச்சர் அவர் வீட்டுக்கே வந்துவிட்டார்.

“சார், நீங்க முடிச்ச எண் ஒண்ணை விளாத்திகுளத்துல நம்மகூடத் தேடுற மாரிச்செல்வி தெரியாம மறுபடி சோதிச்சாங்க. குறி வேற வந்திருக்கு.”

“அவங்க மெஷின் பழசு டீச்சர். ஜெராக்ஸ் கடையில கிடக்கிறது.”

“நானும் ஓட்டிப் பார்த்தேன். அவங்களுக்கு வந்ததுதான் எனக்கும் வந்தது.”

டீச்சர் திறந்து கிடந்த பெட்டியின் அருகே கையைக் கொண்டுபோய், உடனே இழுத்துக்கொண்டார்.

“இவ்வளவு சூட்டுல கணக்குத் தப்புமே சார். இதுலயா எல்லாத்தையும் முடிச்சீங்க?”

“ஆமா.”

டீச்சர் திட்டவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். பட்டியலைத் திறந்து, அவர் பெயருக்கு நேரே இருந்த ‘முடிந்தது’ ஒவ்வொன்றையும் அழிக்கத் தொடங்கினார். நாற்பத்தொன்றும் போகும்வரை தாணுலிங்கம் பக்கத்தில் நின்றுகொண்டே இருந்தார்.

“இனி இதையெல்லாம் யார் டீச்சர் செய்வா?”

“கேளுங்க. உங்க பேர்லயே கேளுங்க.”

அன்று மாலையே எழுதினார். ‘தொழில்நுட்பக் கோளாறு காரணமாக’ என்று தொடங்கியது கடிதம். டீச்சர் படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். இரண்டாவது முறை ‘இயந்திரம் சூடானதால்’ என்று மாற்றினார்.

“தானாவா சூடாச்சு?” என்றார் டீச்சர்.

மூன்றாவது கடிதத்தில் இரண்டே வரி. ‘நான் அவசரப்பட்டு நாற்பத்தொரு எண்களைக் கெடுத்துவிட்டேன். யாராவது மறுபடி சோதித்துத் தர முடியுமா?’ டீச்சர் தலையசைத்தார். கடிதம் அறுநூறு பேருக்கும் போனது.

முதல் நாள் ஒரு பதிலும் இல்லை. புது எண் என்றால் தன் பெயர் நிலைக்கும் என்று ஓர் ஆசை இருக்கும். அடுத்தவன் கெடுத்ததை யார் வாங்குவார்கள்? கையில் போனை வைத்துக்கொண்டு வாசலுக்கும் அடுக்களைக்கும் நடந்தார் தாணுலிங்கம்.

“ஒரு இடத்துல இருங்களேன், பார்க்கிற எனக்கே தலை சுத்துது” என்றாள் மனைவி சரோஜா.

இரண்டாம் நாள் மாரிச்செல்வியிடமிருந்து வந்தது: ‘எனக்கு மூணு அனுப்புங்க சார். நம்ம மெஷின் மெதுவாத்தான் ஓடும், பரவாயில்லையா?’

பிறகு ஒவ்வொருவராக எழுதினார்கள். பத்து நாளில் நாற்பத்தொன்றும் கைமாறிவிட்டது.

அதன் பிறகுதான் தாணுலிங்கத்துக்கு உண்மையான தவிப்பு தொடங்கியது. அந்த நாற்பத்தொன்றில் ஒன்று பகா எண்ணாக இருந்தால்? அறுநூறு பேர் நான்கு வருடமாகத் தேடுவதைக் கையில் வாங்கி, இல்லை என்று சொல்லிப் புதைத்தவர் அவராகத்தானே இருப்பார்? ஒவ்வொரு முடிவு வரும்போதும் திரையைப் பார்க்கப் பயந்தார். சோறு பிசைந்த கையோடு எழுந்துபோய்ப் பார்த்தார். கிடைக்க வேண்டும், கிடைக்க வேண்டும் என்று வந்த மனுஷன், கிடைத்துவிடக் கூடாதே என்று வேண்டிக்கொண்டிருந்தார்.

ஐந்து மாதம் ஆனது. கடைசி எண் மாரிச்செல்வியிடம் இருந்தது. விளாத்திகுளத்தில் அடிக்கடி கரண்ட் போனதால் அது நகரவே மாட்டேன் என்றது. பிடுங்கி வேறு யாருக்காவது கொடுத்துவிடலாம் என்று இரண்டு முறை போனை எடுத்தார், இரண்டு முறையும் வைத்துவிட்டார். ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் அதுவும் வந்தது.

பகா எண் இல்லை.

சட்டைப் பொத்தானைக்கூடச் சரியாகப் போடாமல் டீச்சர் வீட்டுக்கு ஓடினார்.

“நாற்பத்தொண்ணும் வந்தாச்சு டீச்சர். எட்டுல என் குறி தப்பு. ஆனா பகா எண் ஒண்ணுகூட இல்லை. எதுவும் தப்பிப் போகலை!”

“சந்தோஷம் சார். உட்காருங்க.”

உட்கார்ந்தார். மூச்சு அடங்கியதும் ஆறுதலும் அடங்கியது. ஐந்து மாத வேதனை கோபமாகக் கிளம்பியது.

“ஒண்ணு கேட்கட்டா டீச்சர்? தப்பு பண்ணாதவங்க யாரு? நான் பகா எண் கிடைச்சாச்சுன்னு பொய்யாச் சொல்லியிருந்தா, நீங்க என்னை இந்தப் பாடு படுத்தினதுல நியாயம் இருக்கு. நான் இல்லைன்னுதானே சொன்னேன்? கடைசியில அதுதானே ஆச்சு? இதுக்கா இத்தனை பேருக்கு அஞ்சு மாசம்?”

டீச்சர் அவர் முன்னால் தண்ணீர்ச் செம்பை வைத்தார்.

“இருக்குன்னு நீங்க சொல்லியிருந்தீங்கன்னா, சார், அன்னைக்கே பத்துப் பேர் ஓடி வந்து சரிபார்த்திருப்பாங்க. நீங்க இல்லைன்னு சொன்னீங்க. உங்களை நம்பி எல்லாரும் அந்தப் பக்கமே திரும்பாமப் போயிட்டாங்க.”